அடுக்களை நீரும் ஆர்க்கிட் மலரும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே ஏறும் மலைப்பாதை போனக்காட்டில் முடிகிறது. அதற்கு அப்பால் அடர்காடு. காட்டுக்கு மேலே, 1,868 மீட்டர் உயரத்தில், அகத்தியர்கூடம் நிமிர்ந்து நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டமும், அதில் உழைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து மலையேறிய குடும்பங்கள் பலவற்றின் லயங்களும் இவ்வூரின் அடையாளங்கள். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மலையின் ஈரம் மட்டும் ஓயவில்லை. மலையாளிகள் இடவப்பாதி என்றழைக்கும் தென்மேற்குப் பருவமழையும், துலாவர்ஷம் என்றழைக்கும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே அடுத்தடுத்துப் பொழிகின்றன. பாசி படர்ந்த மரக்கிளைகளில் தொற்றி வாழும் ஆர்க்கிட் செடிகளுக்கு இதைவிடச் சிறந்த தாய்வீடு தென்னாட்டில் அரிது.

இந்தியாவில் 1,250-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு மரங்களைப் பற்றி வாழ்பவை. காட்டில் எவரும் அவற்றுக்கு உரமிடுவதில்லை, அவை செழிக்கின்றன. வீட்டுத் திண்ணையில் நாம் பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்க்கும் செடியோ, பல வேளைகளில் வேரழுகி வாடுகிறது. இந்த முரணுக்கு விடை தெரிந்துவிட்டால், அரிசி கழுவிய நீர், முட்டையோடு, வாழைத்தோல், தேயிலைச் சக்கை என நம் அடுக்களையில் அன்றாடம் மிஞ்சும் பொருள்களில் எதை எவ்வளவு தரலாம், எதைத் தரலாகாது என்பதும் தெளிவாகிவிடும்.

மரக்கிளையில் உணவு எப்படிக் கிடைக்கிறது?

தொற்றுத் தாவரமான ஆர்க்கிட், தான் அமர்ந்திருக்கும் மரத்திலிருந்து சாற்றை உறிஞ்சுவதில்லை. அது ஒட்டுண்ணி அன்று, ஒண்டுக்குடித்தனக்காரர் மட்டுமே. அதன் வேரைச் சுற்றி வெலாமன் எனப்படும் வெண்ணிறத் திசு போர்த்தியிருக்கும். உலர்ந்த நிலையில் வெள்ளிபோல் மின்னும் இந்த வேர், நீர் பட்டவுடன் பஞ்சுபோல் அதை உறிஞ்சிப் பச்சையாக மாறும். மழை தொடங்கியதும் இலைகளிலும் கிளைகளிலும் படிந்திருக்கும் தூசி, பறவை எச்சம், மட்கிய இலைத்துகள் ஆகியவற்றின் சத்து கரைந்து அடிமரத்தில் வழிகிறது. அந்த முதல் நீரை வெலாமன் பற்றிக்கொள்கிறது. பின்னர் மழை வேரைக் கழுவுகிறது. காற்று அதை உலர்த்துகிறது.

இதிலிருந்து மூன்று உண்மைகளை அறியலாம். முதலாவது, ஆர்க்கிட்டுக்குச் சத்து கரைந்த நிலையில் வேண்டும். திடப்பொருளாக வேரடியில் கொட்டுவதால் பயனில்லை. இரண்டாவது, அது மிகவும் நீர்த்ததாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, உணவுக்குப் பின் வேர் கழுவப்பட்டு உலர வேண்டும். டெண்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம் போன்றவற்றின் தண்டு தடித்துப் பொய்க்குமிழாக இருப்பதைக் காணலாம். அது செடியின் சேமிப்புக் கணக்கு. மழைக்காலத்தில் நீரையும் சத்தையும் அங்கே வரவு வைத்து, வறண்ட மாதங்களில் எடுத்துச் செலவு செய்கிறது. சேமிப்பில் பெருந்தொகையை ஒரே நாளில் கொட்டுவதைக் காட்டிலும் சிறு தவணைகளாகத் தவறாமல் செலுத்துவதே இதற்கு உகந்தது.

தொட்டிக்குள் மண் வேண்டாம்

உணவைப் பற்றி எண்ணுமுன் தொட்டியைக் கவனிக்க வேண்டும். தோட்டமண்ணில் நட்ட தொற்று ஆர்க்கிட் மூச்சுத் திணறி மடியும். உடைந்த ஓடு, பழைய மண்சட்டித் துண்டுகள், அடுப்புக் கரி, தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியன போதும். எல்லாம் வீட்டில் கிடைப்பவையே. மட்டையை நறுக்கிச் சில நாள்கள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி அலசினால் அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் நீங்கும். போனக்காடு போன்ற மழைமலைகளில் மட்டை விரைவில் மட்கிச் சேறாகும் என்பதால், ஓடும் கரியும் மிகுதியாகவும் மட்டை குறைவாகவும் இடுதல் நன்று. மதுரை, திருச்சி போன்ற வறண்ட ஊர்களில் இருப்போர் மட்டையின் பங்கைச் சற்று உயர்த்தலாம். தொட்டியின் பக்கங்களிலும் அடியிலும் துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

அடுக்களையில் மிஞ்சுபவை

அரிசி கழுவிய நீர்: இதில் சிறிதளவு தழை, மணி, சாம்பல் சத்துகளும் பி வகை வைட்டமின்களும் உள்ளன. கூடவே மாவுச்சத்தும் உண்டு. அந்த மாவே சிக்கலுக்குக் காரணம். அது வேரிலும் கரியிலும் படிந்து பூசணத்தை வளர்க்கும், எறும்பையும் அழைக்கும். எனவே ஒரு பங்கு கழுநீருக்கு மூன்று பங்கு நல்ல நீர் சேர்த்து, அன்றன்றே பயன்படுத்த வேண்டும். இரு வாரங்களுக்கு ஒருமுறை போதும். மறுநாள் வெறும் நீரால் தொட்டியை அலசிவிட வேண்டும். உப்பிட்ட வடிகஞ்சியை ஒருபோதும் ஊற்றலாகாது; உப்பு வேர் நுனியைக் கருக்கிவிடும்.

தேயிலைச் சக்கை: தேயிலை மலைக்காரர்களுக்கு இது புதிதன்று. பாலும் சர்க்கரையும் சேராத சக்கையை நன்கு அலசி, ஓரிரவு நீரில் ஊறவைத்து, வடிகட்டிய நீரை மட்டும் மேலும் நீர்த்துத் தரலாம். சக்கையை அப்படியே தொட்டியில் போட்டால் அது கரித்துண்டுகளின் இடைவெளியை அடைத்துக் காற்றோட்டத்தைத் தடுக்கும். ரோஜாத் தொட்டிக்கு ஏற்ற முறை ஆர்க்கிட்டுக்கு ஏற்பதில்லை.

வாழைத்தோல்: சாம்பல் சத்து மிகுந்தது, தழைச்சத்து மிகக் குறைவு. ஆகவே இதை மட்டுமே நம்பினால் செடி வளராது. தோலைத் துண்டுகளாக்கித் தொட்டியில் இடுவது பழ ஈக்களுக்கு விருந்து வைப்பதாகும். மற்றக் காய்கறிக் கழிவுகளோடு மட்கவைத்து, அந்த மட்கு உரத்தை நீரில் ஊறவைத்து வடிகட்டிய தெளிநீரைத் தருவதே சிறந்தது.

முட்டையோடு: கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வெறும் நீரில் இது கரைவது மிகக் குறைவு. ஓட்டை ஊறவைத்த நீரைத் தெளித்துவிட்டுக் கால்சியம் கிடைத்ததென்று மகிழ்வதில் பொருளில்லை. கழுவி உலர்த்தி இடித்த ஓட்டுத்துகளைத் தொட்டியின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி அளவு தூவினால், சற்றே அமிலத்தன்மையுள்ள மழைநீரில் அது மெல்லக் கரையும். மழைநீரை மட்டுமே பயன்படுத்துவோருக்கு இது ஒரு சிறு துணை. கடின நீர் பயன்படுத்துவோருக்கு இது தேவையே இல்லை. அந்த நீரிலேயே கால்சியம் போதிய அளவு உண்டு.

இளநீர்: செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருள்கள் இளநீரில் உள்ளன. ஆர்க்கிட் திசுவளர்ப்புக் கூடங்களில் இளநீரும் தேங்காய்த் தண்ணீரும் ஊடகத்தில் சேர்க்கப்படுவது இதனால்தான். ஆனால், ஆய்வகக் குடுவையில் கிருமிகள் இல்லை. நம் தொட்டியில் உண்டு. இளநீரின் இனிப்பு அவற்றை வளர்க்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, மாதம் ஒருமுறை ஊற்றி, மறுநாள் அலசிவிடுவதே முறை.

பிண்ணாக்குக் கரைசல்

மேற்கண்டவை யாவும் சிற்றுண்டிகள். முழுச்சாப்பாட்டுக்கு அருகில் வரும் வீட்டு உரம் ஒன்று உண்டென்றால் அது பிண்ணாக்கு ஊறலே. கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 7 விழுக்காடும், வேப்பம் பிண்ணாக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடும் தழைச்சத்து உள்ளது. அடுக்களைக் கழிவுகளில் இல்லாத வலிமை இது. கேரளத்தில் ஆர்க்கிட் வளர்ப்போர் பலர், பசுஞ்சாணத்தோடு இவ்விரு பிண்ணாக்கையும் ஊறவைத்துப் பயன்படுத்துகின்றனர்.

செய்முறை எளிது. 100 கிராம் கடலைப் பிண்ணாக்கு, 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு, ஒரு கைப்பிடி பசுஞ்சாணம் ஆகியவற்றை இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். துணி கட்டாவிட்டால் கொசு முட்டையிடும். நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஐந்து நாள்களுக்குப் பின் மேலே தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி, இருபது பங்கு நீர் கலக்க வேண்டும். வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தால் சரியான பதம். அதைவிடக் கடுமையான நிறம் இருந்தால் மேலும் நீர் சேர்க்கவும். அடியில் தங்கும் கசடு ஆர்க்கிட்டுக்கு ஆகாது. தென்னைக்கோ முருங்கைக்கோ இடலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிண்ணாக்கிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி புரதமாக இருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகே வேரால் எளிதில் ஏற்க முடியும். வயல்மண்ணில் அந்த நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. கரியும் ஓடும் நிறைந்த தொட்டியில் மிகக் குறைவு. எனவே சிதைவுப் பணியைப் பாத்திரத்திலேயே முடித்துத் தர வேண்டியுள்ளது. ஐந்து நாள் காத்திருப்பதன் காரணம் இதுவே.

மீனும் வெல்லமும் சம எடையில் கலந்து நொதிக்கவைக்கும் மீன் அமிலத்தை உழவர்கள் அறிவர். அதையும் லிட்டருக்கு 2 மில்லி என்ற அளவில் மாதம் ஒருமுறை தரலாம். பயிர்களுக்கு 3 விழுக்காடு கரைசலாகத் தெளிக்கப்படும் பஞ்சகவ்யத்தை ஆர்க்கிட்டுக்கு 1 விழுக்காடாகக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

வீட்டு உரங்களின் சத்து அளவு ஒவ்வொரு முறையும் மாறும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வளர்ச்சிப் பருவத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் 3:1:1 என்ற விகிதத்திலும், பூக்கும் பருவத்தில் 1:2:2 என்ற விகிதத்திலும் அமைவது கேரள வேளாண் பல்கலைக்கழகம் வகுத்துள்ள முறை. அடுக்களைப் பொருள்களைக் கொண்டு இந்தத் துல்லியத்தை எட்ட இயலாது. ஆகவே, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் மாதம் இருமுறை தந்து, இடைப்பட்ட வாரங்களில் வீட்டு ஊறலைத் தருவதே நடுவழி. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மஞ்சள், பட்டை, வேப்பெண்ணெய்

அழுகிய வேரையோ தண்டையோ வெட்டிய இடத்தில் மஞ்சள்தூளை அப்புவது நம் வீட்டு வழக்கம். நுண்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பண்பு மஞ்சளுக்கு உண்டு. காயத்தை உலரவைக்கவும் அது உதவும். இலவங்கப்பட்டைத்தூளும் அவ்வாறே பூசணத்தை அடக்கும். ஆனால், பட்டைத்தூள் நல்ல வேரின் மேல் பட்டால் அதையும் உலர்த்திவிடும். வெட்டுவாயில் மட்டும் தடவ வேண்டும்.

வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் இடையே தீயில் காட்டி ஆறவைத்துப் பயன்படுத்துக. சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ் நோய்கள் கத்தியில் ஒட்டிய சாற்றின் வழியே ஒரு செடியிலிருந்து மறுசெடிக்குப் பரவுகின்றன. அவற்றைக் குணமாக்கும் மருந்து அடுக்களையிலும் இல்லை, கடையிலும் இல்லை.

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தென்பட்டால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுக்கலாம். மிகுதியாக இருந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி மென்சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். துணி துவைக்கும் பொடி வேண்டாம். இரவில் வேர் நுனியைத் தின்னும் நத்தையைக் கைவிளக்கோடு தேடிப் பொறுக்கி அகற்றுவதே சிறந்த வழி. உப்பைத் தூவினால் நத்தையோடு செடியும் மடியும்.

தவிர்க்க வேண்டியவை

இலை பளபளக்க வேண்டுமென்று எண்ணெயையோ பாலையோ பூசுவோர் உளர். அவை இலைத்துளைகளை அடைக்கும், தூசியை ஈர்க்கும். ஈரத்துணியால் துடைத்தல் போதும். விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. சற்றே புளிப்பான சூழலை விரும்பும் ஆர்க்கிட்டுக்கு அது பொருந்தாது. சர்க்கரை சேர்ந்த எதுவும், நாளாகிப் புளித்த எதுவும், எண்ணெய்ப்பசை உள்ள எதுவும் தொட்டியை நெருங்க வேண்டாம்.

அளவு மிஞ்சினால் செடியே சொல்லிவிடும். இலை நுனி கருகுதல், வேர் நுனி கறுத்தல், தொட்டியின் விளிம்பில் வெண்ணிற உப்புப் படிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது ஒரு மாதத்துக்கு எல்லா உரங்களையும் நிறுத்தி, வெறும் நீரால் தாராளமாக அலச வேண்டும். பசியால் இறந்த ஆர்க்கிட் அரிது. அன்பு மிகுந்து இறந்தவையே ஏராளம்.

மழையை ஒட்டிய ஒழுங்கு

ஜூன், ஜூலை மாதங்களில் ஓயாமல் பெய்யும்போது வீட்டு ஊறல்களை நிறுத்திவிடுக. ஈரத்தோடு உயிர்ச்சத்தும் சேர்ந்தால் பூசணம் பெருகும். வெயிலும் மழையும் மாறிவரும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே ஊட்டத்துக்கு ஏற்றவை. வாரம் ஒருமுறை நீர்த்த கரைசல் தரலாம். துலாவர்ஷம் ஓய்ந்த பின் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்டினால் பூந்தண்டு வலுப்பெறும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உரத்தைப் பாதியாக்கி, காலை நீரையும் காற்றின் ஈரத்தையும் கவனித்தால் போதும். எந்தப் பருவத்திலும் முதலில் வேரை வெறும் நீரால் நனைத்து, பிறகே உரநீரை ஊற்றுதல் வேண்டும்.

மலைக்குரியது மலையிலேயே இருக்கட்டும்

அடுக்களை உரம் எவ்வளவு சிறந்ததாயினும், காட்டிலிருந்து பறித்துவந்த செடியைக் காப்பாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. அகத்தியமலையின் வரலாறே இதற்குச் சான்று. 1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி திருவிதாங்கூர் மலைகளில் ஒரு செருப்பு ஆர்க்கிட்டைக் கண்டார். மஞ்சள் இதழ்களில் பழுப்புக் கோடு ஓடும் அந்த மலர் இன்று அவர் பெயராலேயே பாஃபியோபெடிலம் ட்ரூரி என வழங்குகிறது. உலகில் இம்மலைகளைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. நெடுங்காலம் காணாமற்போய், 1972-ஆம் ஆண்டளவில் மீண்டும் கண்டறியப்பட்டபோது, சேகரிப்போர் மலையேறி அதை அள்ளிச் சென்றனர். இன்று அது அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது. செருப்பு ஆர்க்கிட்டுகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. காப்புக்காட்டிலிருந்து எந்த ஆர்க்கிட்டைப் பறிப்பதும் குற்றமே.

ஆர்க்கிட் விதை தூசியளவே ஆனது. தாய்ச்செடி அதற்குக் கட்டுச்சோறு எதுவும் கட்டித் தருவதில்லை. காட்டில் குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். பின்னர் வாழைப்பழக் கூழும் தேங்காய்த் தண்ணீரும் ஊடகத்தில் சேர்ந்தன. நம் அடுக்களைப் பொருள்கள் ஆர்க்கிட்டுக்குச் செய்த மிகப்பெரும் தொண்டு இதுதான். போனக்காட்டிலிருந்து தொலைவில் இல்லாத பாலோட்டில், 1979-இல் பேராசிரியர் ஏ. ஆபிரகாம் தலைமையில் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம், இன்று ஜவகர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ட்ரூரியின் செருப்பு ஆர்க்கிட்டை ஆய்வகத்தில் பெருக்கி, மலைக்கே திருப்பி நடும் முயற்சியை அது மேற்கொண்டது.

ஆகவே, புதிதாகத் தொடங்க விரும்புவோர் திசுவளர்ப்பு நாற்றுகளை உரிய நாற்றங்காலில் வாங்குக. டெண்ட்ரோபியம் எளிதில் வளரும். கணுவில் தோன்றும் கெய்கி எனப்படும் குட்டிச்செடியை, வேர் விரல்நீளம் வந்தபின் பிரித்துத் தனியே நடலாம். பத்துச் செடி இருந்தால் சில ஆண்டுகளில் பல பத்துகளாகும். பூவையும் குட்டியையும் விற்றுச் சிறுவருவாய் ஈட்ட எண்ணுவோர், தொட்டிச் செலவு, உரச்செலவு, விற்பனை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது நல்லது. பின்னாளில் சுயஉதவிக் குழுவாகவோ தனியாகவோ கடனுதவி நாடும்போது அந்தக் குறிப்பேடே முதல் சாட்சியாக அமையும். தோட்டத் தொழில் தளர்ந்த மலையூர்களில், ஈரக்காற்றையும் நிழலையும் முதலாகக் கொண்டு செய்யத்தக்க தொழில்களில் இதுவும் ஒன்று.

நாளைக் காலை உலையில் அரிசியிடுமுன், கழுவிய நீரில் ஒரு குவளையை எடுத்து வைத்து, மூன்று குவளை நீர் சேர்த்து, வெள்ளிபோல் உலர்ந்திருக்கும் வேரில் மெல்ல ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் வேர் பச்சையாகும். அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். மறுநாள் நல்ல நீரால் அலசிவிடுங்கள்.